ரத்னம்மா தறியின் வெளியுறவுக் கொள்கை

உலக சமாதானத்துக்காக இந்த நூற்றாண்டில் உழைத்த ஸ்தாபனங்கள் இரண்டு. ஒன்று, ஐக்கிய நாடுகள் சபை. மற்றது, நகரியில் எங்கள் நெசவாளர் சங்கம். கட்டடம் அவர்களுடையது பெரிது; தீர்மானங்கள் எங்களுடையவை அதிகம். அத்தனையையும் எழுதிய காரியதரிசி என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் வடக்கத்தியருக்கும் தெற்கத்தியருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. சண்டைக்கு நடுவிலும் மனிதன் இடுப்பில் எதையாவது கட்டித்தானே ஆகவேண்டும்? மதராஸ் ஏஜெண்டு ஒருவர் மூலம் எங்கள் கைலி அங்கே போனது. ஏற்றுமதிக்குத் தகுந்தபடி நெருக்கி நெய்யத் தெரிந்தவள் ரத்னம்மா ஒருத்திதான். ஆகவே சங்கத்தின் 'வெளிநாட்டு இலாகா' முழுவதும் அவளுடைய ஒற்றைத் தறியில் இயங்கியது. புருஷனை இழந்தவள்; அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் அந்தத் தறிதான் சோறு போட்டது. ஆனால் தறி சங்கத்துக்குச் சொந்தம். தறியில் ஏற்றிய பாவு நூலை இரண்டு முறை நெய்து முடிக்காமல் விட்டால் தறியைச் சங்கம் எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்பதாவது விதி.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, நகரி மதராஸை விட்டு அதில் சேர்ந்த வருஷம் அப்பாவு சங்கத் தலைவரானார். வந்ததும் மேஜையைத் தட்டினார்.

"இனிமே நாம வடக்கு ஆளுங்க. அங்கயும் வடக்குக்குத்தான் நம்ம ஆதரவு. அவங்க கொடி சிவப்பு. கைலியும் சிவப்புக் கட்டம்!"

ஏகமனதாக நிறைவேறியது. வடக்கத்தியர் ஏதோ ஒரு மலையைப் பிடித்ததாகப் பத்திரிகையில் வந்தபோது, அந்த வெற்றியில் நமது கைலியின் பங்கு குறித்து அப்பாவு ஒன்றரை மணி நேரம் பேசினார். ரத்னம்மா வரவில்லை. நெய்துகொண்டிருந்தாள்.

அடுத்த தேர்தலில் திருவேங்கடம் வந்தார். திருத்தணியோடு சேர்ந்து நாமும் மதராஸுக்கே போகவேண்டும் என்ற கட்சி அவர்.

"நம்ம மனசு தெற்குல கீது. அங்க மட்டும் வடக்க எப்பிடிய்யா ஆதரிக்கறது? சிவப்ப வாபஸ் வாங்கு. இனிமே மஞ்சக் கட்டம்."

"தறியில பாதிப் பாவு கீதுங்களே," என்றேன்.

"வெளியுறவுக் கொள்கையில பாதின்னு ஒண்ணு கெடையாது. கத்திரிய எடுத்துக்கினு போ."

போனேன். ரத்னம்மா தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஆறு கைலிதாங்க. நாலு நாளு குடுங்க, முடிச்சுடறேன்."

"நாலு நாள்ல உலகமே மாறிடும்மா," என்று கம்பீரமாகச் சொல்லி, பாவு நூலை வெட்டினேன். பதிவேட்டில் 'ரத்னம்மா முடிக்காமல் விட்ட பாவு: ஒன்று' என்று குறித்துக்கொண்டேன். விதி விதிதானே?

பிறகு எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸுக்குப் போனது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். தெற்கு கைவிட்ட திருவேங்கடத்தை ஓட்டர்களும் கைவிட்டார்கள். அப்பாவு திரும்பி வந்தார். நிரம்பப் பக்குவப்பட்டிருந்தார்.

"நமக்கே கோடு போட்டு முடிச்சுட்டாங்க. இனிமே எந்தப் பக்கமும் வாணாம். நடுநிலை! அதுக்கு நெறம் வெள்ள."

மறுபடி கத்திரி. இந்தத் தடவை மஞ்சள் பாவில் இரண்டே கைலி பாக்கி.

"வெள்ளக் கைலிய எவன் கட்டுவான்? பொணத்துக்குத்தான் சுத்துவாங்க," என்றாள் ரத்னம்மா. "ஒரு நாளு உடுங்க, முடிஞ்சுடும். தறி போனா என் பொண்ணுங்க இன்னாத்தங்க துன்னும்?"

சர்வதேச நெருக்கடியின்போது உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது எங்கள் கொள்கை. வெட்டினேன். முடிக்காமல் விட்ட பாவு: இரண்டு. ஒன்பதாவது விதிப்படி அன்றே நான்கு பேர் வந்து தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். வெள்ளைக் கைலியை நெய்ய ஆளே இல்லாமல் போனதால், யாருக்கும் எதுவும் அனுப்பாத பூரண நடுநிலையை நாங்கள் எய்தினோம்.

பத்து நாள் கழித்து ஏஜெண்டு எழுதினார்: 'அங்கே இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே சந்தையில்தான் வாங்குகிறார்கள். கட்டம் எந்த நிறமானாலும் கவலையில்லை. நெசவு அந்த அம்மாளுடையதாக இருந்தால் போதும். சரக்கு எங்கே?'

இது அந்நியத் தலையீடு என்று அப்பாவு கண்டனத் தீர்மானம் போட்டார். ஏகமனதாக நிறைவேறியது.

திருப்பதியில் ஒரு சத்திரத்தில் பாத்திரம் தேய்க்கப் போகிறேன் என்று, மூட்டையும் இரண்டு பெண்களுமாக ரத்னம்மா பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். சங்க வாசலில் நின்றாள். நான் ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். 'அயல்நாட்டுப் போரில் நம் தரப்பில் சேதம் ஏதுமில்லை' என்ற வரியில் இருந்தேன்.

"அந்தச் சண்ட முடிஞ்சுதாங்க?"

"எங்கம்மா! இன்னும் நடந்துக்கினுதான் கீது."

"வடக்கு ஆளும் தெற்கு ஆளும் ஒரு நாளும் என் ஊட்டுப் பக்கம் வர்ல. கத்திரி எடுத்துக்கினு வந்தவன் நீதான்."