கண்ணாயிரத்தின் கம்போஸ்ட்

தெருவுக்கு ஓர் உர உபதேசி உண்டு. உங்கள் தெருவில் அப்படி யாரும் கண்ணில் படவில்லையென்றால் கொஞ்சம் பயப்படுங்கள். காரணம் கடைசியில் தெரியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் அந்தப் பதவி கண்ணாயிரத்துடையது. ஓய்வு பெற்ற மறுநாளே கொல்லையில் குழி வெட்டி, காய்கறித் தோலும் சாணமும் சருகும் கொட்டி மூடி, அன்றுமுதல் கல்யாணப் பந்திகளில் ரசத்தில் மிதக்கும் தக்காளியைச் சுட்டி, "இதுல எத்தனை விஷம் இருக்குது தெரியுமா?" என்று கேட்டு, பக்கத்து இலைக்காரர்களைப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோக வைத்தவர். உரத்தைக் கேட்காமலே கொடுப்பார். வேண்டாம் என்றால் இரண்டு மூட்டை கொடுப்பார்.

எதிர்வீட்டு அம்பரீன் வேண்டாம் என்றாள். இரண்டு மூட்டை வந்தது. மாடியில் நாற்று வளர்த்து விற்பது அவள் பிழைப்பு. வந்ததை வீணாக்குவானேன் என்று அந்த உரத்தைக் கலந்து ஆடிப் பட்டத்துக்கு முந்நூறு தக்காளி நாற்று போட்டிருந்தாள். பத்தே நாளில் இலைகள் கிண்ணம்போல் குவிந்து, தண்டுகள் முறுக்கிக்கொண்டன.

"ண்ணா, உங்க உரம் போட்டதெல்லாம் சுருட்டிக்கினு இருக்குது."

கண்ணாயிரம் மாடியேறிப் பார்த்தார். தண்ணீர் சரியில்லை என்றார். வெயில் என்றார். செல்போன் கோபுரம் என்றார். "உன் கைராசியையும் பாக்கணும்மா" என்று முடித்தார். உண்மையைத் தேடுகிறவன் எங்கும் தேடுவான், தன் காலடியைத் தவிர.

அம்பரீன் வாதாடவில்லை. ஆறு கப்பில் அவரை விதை ஊன்றினாள். மூன்றில் வெறும் மண், மூன்றில் அவர் உரம் கலந்த மண். ஒரே தண்ணீர், ஒரே வெயில், ஒரே கோபுரம். கைராசியும் ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து ஆறையும் அவர் வாசலில் வரிசையாக வைத்தாள். மூன்று நிமிர்ந்து நின்றன. மூன்று கூனிக் குறுகிக் கிடந்தன.

"மாடு எதைத் தின்னுச்சோ!" என்றார் கண்ணாயிரம்.

உள்ளிருந்து அவர் மனைவி பெரியநாயகியின் குரல் வந்தது. "மாட்டை ஏன் இழுக்கறீங்க? பாம்பு வருதுன்னு பக்கத்துக் காலி மனையில களைக்கொல்லி அடிச்சது யாரு? காஞ்ச களையை அள்ளி வந்து குழியில போட்டது யாரு?"

"களைக்குத்தானே அடிச்சேன்? செடிக்கா அடிச்சேன்?"

இந்த உபதேசி இனத்தின் தத்துவம் முழுவதும் இதில் அடக்கம். அடுத்தவன் தெளித்தால் விஷம். நாம் தெளித்தால் அவசியம்.

"அது உரத்துக்குத் தெரியுமாண்ணா? என் நாத்து போச்சு. இன்னும் யார் யாருக்குக் குடுத்தீங்க?"

பதினோரு வீடு. இன்னும் யாரும் மூட்டையைப் பிரித்திராவிட்டால் தப்பிக்கலாம். ஆறு கப்பையும் தட்டில் ஏந்திக்கொண்டு கண்ணாயிரம் கிளம்பினார். கூடவே அம்பரீன்.

"எந்த உரமானாலும் முதல்ல அவரையில சோதிக்கணும்" என்று முதல் வீட்டில் ஆரம்பித்தார்.

"ஏன்னு சொல்லுங்கண்ணா" என்றாள் அம்பரீன்.

"ஒருத்தர் உரத்துல இப்படி ஆயிட்டுது..."

"யார் உரம்?"

"என்னுதுதான்" என்று கப்புகளிடம் சொன்னார்.

மூட்டைகள் திரும்பி வந்தன. முந்நூறு விதையையும் மறுபடி அவரே ஊன்ற வேண்டும் என்று அம்பரீன் சொல்லிவிட்டாள். ஆனால் ஒன்று. முதல் வீட்டில் முணுமுணுத்தவர், பதினோராவது வீட்டில், மனிதன் தன் தவறை எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் உபதேசம் செய்தார்.

சிரிக்கிறீர்களா? படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். அது உங்கள் முகமில்லை, அல்லவா? கண்ணாயிரத்துக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் கண்ணிலும் தெருவில் எந்த உபதேசியும் பட்டதில்லை. எதற்கும் ஆறு கப்பு எடுத்து வையுங்கள்.