உறுப்பினரின் கணவர்

மனைவிக்குப் பதிலாகக் கூட்டத்துக்குப் போவது தப்பு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னது அவள் ஒருத்திதான். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை பருவம் தப்பித் தப்பி, பிறகு அடியோடு நின்றுபோன சமயம். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க, நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். பாதிப் பேர் பெண்கள் என்பது விதி. அப்படித்தான் என் மனைவி செல்வி உறுப்பினரானாள்.

"தண்ணிக்குப் போறவ நானு. நீங்க போயி என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

சபையில் பேச ஒரு தைரியம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பினேன்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் பெண்களுக்கான ஐந்து நாற்காலிகளிலும் ஐந்து கணவர்கள். (நாலு பேருக்கு மீசை வேறு.) வந்திருந்த பெண் அதிகாரி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கோடையிலும் தண்ணீர் ஊறும் கிணறு எது, அதைத் தூர்வாரலாம் என்றார். மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து, ஏரிக்கரைக் கிணறு என்றேன். எட்டாவது படிக்கும்போது அதில்தான் நீச்சல் கற்றிருந்தேன். (மற்றபடி, எனக்குத் தெரிந்து வீட்டுத் தண்ணீர் குடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.)

நேரில் பார்க்கலாம் என்றார் அதிகாரி. நான் முன்னால் நடந்தேன்.

கிணற்றுக்குள் தண்ணீர் இல்லை. வேப்பமரம் இருந்தது. கன்று அல்ல, மரம்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்குது?" என்றார் அதிகாரி.

"போன வாரங்கூட..." என்று ஆரம்பித்தவன், மரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அப்போது எதிரே செல்வி வந்தாள், தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அதிகாரி அவளிடமும் அதையே கேட்டார்.

"இது வத்திப் பத்து வருசம் ஆச்சுங்க. அந்தப் பாறக் கரட்டுக்குக் கீழ ஒரு கெணறு இருக்குதுங்க. சித்திரையிலயும் ஊறும். சேத்த அள்ளுனா ஊருக்கே போதுங்க."

கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் திரும்பியது. போகும்போது இரண்டு குடங்களையும் என்னிடம் தந்தாள். "வூட்டுல வச்சிருங்க."

எனக்கு இடுப்பு என்று ஒன்று இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. வீடு சேர்ந்தபோது ஒரு குடத்தில் பாதி இருந்தது. இன்னொன்றில் ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் சட்டையில். அதை ஈடுகட்டக் கரட்டுக் கிணற்றுக்கு மூன்று நடை போனேன். அவளை ஏன் கூட்டத்துக்கு அனுப்பவில்லை என்பதற்கு நான் வைத்திருந்த காரணங்கள் இரண்டாவது நடையிலேயே தீர்ந்துவிட்டன.

அந்தக் கோடையிலேயே கிணற்றைத் தூர்வாரினார்கள். செல்வி இப்போது குழுத் தலைவி. ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் போனில் என்னிடம் வழி கேட்டால், மகள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

"அப்பாவக் கேக்காதீங்க மாமா. உங்களையும் அந்த வேப்பமரத்துக் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு."