ஏழு டிரம்களை ஒளித்து வைத்த கதை

ஒப்புக்கொள்கிறேன். வீட்டை விற்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது கைப்பேசி. சொன்னதைக் கெடுத்தது நான். (என் மனைவி செல்வியைக் கேட்டால் கைப்பேசி மேல் தப்பே இல்லை என்பாள்.)

எங்கள் தீவில், ஷாதிபூரில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அதை விற்றுவிட்டு பெரார்கஞ்சில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று செல்வி துடித்தாள். காரணம், அந்த வீட்டுப் பின்புறம் இருந்த கிணறு. கோடையிலும் வற்றாதாம். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம் வரும். காலையிலா, நடுராத்திரியிலா என்பதெல்லாம் அதன் இஷ்டம். பதினான்கு வருடம் அந்த முக்கால் மணி நேரத்துக்குக் காவல் இருந்தவள், பெரார்கஞ்ச் கிணற்றை எட்டிப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள். கிணற்று வீட்டுக்காரரோ, மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டைப் பார்க்க வந்த முதல் இரண்டு பேரும் "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான். மூன்றாவது ஜமால் பாய். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ராமநாதபுரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனைவியோடு வருவதாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாதம் முடிய நான்கே நாள் பாக்கி. இவரும் கைவிட்டால் கிணறு போச்சு.

அந்த வாரம் முழுக்க, வீடு விற்பதற்கான யோசனைகளைக் கைப்பேசியில் ஒன்றுவிடாமல் பார்த்தேன். மெயின்லேண்டில் ஏதோ ஒரு பளிங்கு ஹாலில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வெளிர் நிறம் பூசச் சொன்னார், பூசினேன். குடும்பப் படங்களைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். (மாமனார் படத்தைக் கழற்றும்போது நான் சீட்டியடித்ததாக இன்றுவரை ஒரு குற்றச்சாட்டு உண்டு.) சுவர் விரிசல்களை அடைத்தேன். அடிக்கடி நிலநடுக்கத்தில் ஆடுகிற ஊர் இது. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் காலண்டரைத் தூக்கிச் சுவரைத்தான் பார்ப்பார்கள். கடைசி யோசனை: இடத்தை அடைக்கும் சாமான்களை அப்புறப்படுத்துங்கள், வீடு பெரிதாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவை ஏழு நீல டிரம்கள்.

ஞாயிறு காலை செல்வி கோயிலுக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். டிரம்களில் மிச்சமிருந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாதாவின் டிரம்களில் ஊற்றினேன். காலி டிரம்களை அவர் கொல்லைக்கு உருட்டினேன். மிஞ்சியது தண்ணீர் பிடிக்கும் ஹோஸ். அதன் ஒரு முனையைப் படுக்கையறையை ஒட்டிய குளியலறைக் குழாயில் கம்பி போட்டு நானே முறுக்கியிருந்தேன், கழற்ற வரவில்லை. மறு முனையைச் சுருட்டிப் படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டில் திணித்தேன். கதவு சரியாக மூடவில்லை. ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்து, அதன்மேல் பூச்சாடியும் வைத்தேன். என்ன ரசனை!

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் யாரும் குழாயை மூடுவதில்லை. திறந்தபடியே விட்டு, ஹோஸை டிரம்முக்குள் போட்டுவிடுவோம். தண்ணீர் விழுகிற சத்தம்தான் அலாரம். திங்கட்கிழமைதான் எங்கள் முறை என்பதால் குழாய் என் நினைவுக்கே வரவில்லை.

செல்வி திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"டிரம் எங்கங்க?"

"ஹால் எவ்வளவு பெருசா தெரியுது பாரு."

"நான் டிரம்ம கேட்டேன்."

பதில் சொல்வதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜமால் பாய் சுவரைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். அவர் மனைவி ஜரினா அக்கா சுவர் பக்கமே திரும்பவில்லை. மூலை மூலையாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தண்ணிய எதுல புடிச்சு வைக்கிறீக?"

"புடிச்சு வைக்கிற அவசியமே இல்லக்கா. எப்ப வேணும்னாலும் வரும்," என்றேன்.

செல்வி என்னைப் பார்த்த பார்வையில் புதுப் பெயிண்ட் உரிந்திருக்கும்.

"இருபது வருசமா இந்தத் தீவுல கெடக்கேன். டிரம் இல்லாத வீட்ட இப்பத்தான் பாக்குறேன்." அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக்குத் தண்ணியே வராது போலங்க. வாங்க, போயிருவோம்."

கிணறு கையை விட்டு நழுவுவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

"அரே, பொறும்மா," என்றார் ஜமால் பாய். "தம்பி, வீட்டுக் காகிதத்தக் காட்டுங்க. பாத்துட்டுப் போறோம்."

காகிதங்கள் இருந்தது அதே பீரோவில்தான், மேல்தட்டில். எல்லோரும் படுக்கையறைக்குள் நுழைந்தோம். அப்போது தெருவிலிருந்து பிஸ்வாஸ் தாதா தொண்டை கிழியக் கத்தினார்: "பானி ஆ கயா! பானி!"

ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர் வந்துவிட்டது.

பீரோ இருமியது. பிறகு உஸ்ஸென்று சீறியது. கதவு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு திறந்தது, பூச்சாடி உடைந்தது. செல்வியின் கல்யாணப் பட்டுப்புடவையை நனைத்துக்கொண்டு தண்ணீர் ஜமால் பாயின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ, தண்ணி வீணாப் போகுது!" என்று செல்வி பாய்ந்து ஹோஸை வெளியே இழுத்தாள். குழாயை மூடலாம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வருகிற தண்ணீரை மூடுவதாவது! ஜரினா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறைக்கு ஓடி இட்லிப் பானையோடு வந்தார். ஜமால் பாய் குளியலறை வாளியை நீட்டினார். குக்கர், சோற்றுப் பானை, பூஜைச் செம்பு வரை நிரம்பின.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, டிரம்ம கொண்டாங்க!" என்று செல்வி அலறினாள்.

புதுச் சட்டையில் பிஸ்வாஸ் தாதா கொல்லைக்கும் எங்கள் வாசலுக்கும் ஏழு முறை டிரம் உருட்டினேன். தண்ணீர் பிடிக்க வெளியே நின்றிருந்த தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

தண்ணீர் நின்றபோது நாலு பேரும் தொப்பலாக இருந்தோம். செல்வி மேல்தட்டைத் திறந்து காகிதங்களை எடுத்தாள். மூன்று பாலிதீன் பைகளுக்குள் ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தன.

"அக்கா, இவர் சொன்னது பொய்," என்றாள். "மூணு நாளைக்கு ஒருக்காதான் வரும். அந்த டிரம்முல பதினாலு வருஷமா தண்ணி சுமந்தவ நான். அத ஒளிச்சு வச்சா வீடு அழகாயிடும்னு இவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க." எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

ஜரினா அக்கா புடவையைப் பிழிந்துகொண்டே நிரம்பிய டிரம்களை எண்ணினார். "முக்கா மணியில ஏழு டிரம்மு! எங்க தெருவுல நூலு மாதிரில்ல வரும்? இந்த வேகம் போதும்ங்க, பேசி முடிங்க."

ஜமால் பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஏழு டிரம்களும் வீட்டோடு சேர்த்தி.

இப்போது பெரார்கஞ்சில் இருக்கிறோம். கிணறு வற்றியதே இல்லை. கீழ்த்தட்டு துருப்பிடித்த அந்த பீரோவையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். விருந்தாளிகள் முன்னால் நான் கொஞ்சம் பந்தாவாகப் பேச ஆரம்பித்தால் போதும், செல்வி அந்தப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பாள்.

"என்னங்க, பீரோவுல தண்ணி சத்தம் கேக்குது."