ஜெபகுமார் மாற்றிய ரப்பர் ரிங்

செம்பாக்கம் ஜெபகுமாருக்குக் கார் ஓட்டுவதைவிடக் காருக்குள் உட்கார்ந்திருப்பது பிடிக்கும். வண்டிக்கு வயது இருபத்தைந்து. கண்ணாடியை இறக்கினால் ஏரிக்காற்று வரும். கேட்டைத் தாண்டாமலே கொடைக்கானல் போய்த் திரும்பிவிடுவார்.

கொஞ்ச நாளாகக் கொடைக்கானலில் பெட்ரோல் நாறியது. டேங்க்கை நிரப்பினால் பின்சீட்டுக்கு அடியில் கசிவு. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை டேங்க்கின் தலையில் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் ரிங். அது வெடித்துப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போகலேன்னா வண்டியை வித்துத் தள்ளிடலாம்," என்றாள் மனைவி ஈவ்லின். "ஆள்கூடப் பாத்துட்டேன்."

"நானே சரி பண்றேன்."

"நீங்களா?"

அந்த 'ளா' நீண்ட நீளம் அவரைச் சுட்டது.

ஞாயிறு காலை அவள் சர்ச்சுக்குக் கிளம்பியதும் மெக்கானிக் அன்புவை வரவழைத்தார். அன்பு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பின்சீட்டைத் தூக்கினான்.

"அன்பு, வெளிய கசியக் கூடாது."

"பெட்ரோலா சார்?"

"விஷயமும்தான்."

"சரி, தள்ளி நில்லு சார்."

ஜெபகுமார் தள்ளி நின்றார். டேங்க்கிலிருந்து எழுந்த ஆவியில் எதிர்வீட்டுச் சுவர் மெல்ல நெளிந்தது. நெளிந்த சுவருக்கு முன்னால் அவரே ஸ்பேனர் பிடித்தார். ஈவ்லின் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். தெருவே பால்கனியில் நின்று பார்த்தது. இரண்டாவது தடவை அவள் துடைக்க வரும்போது, "முடிஞ்சிது சார்," என்றான் அன்பு.

அவன் போனதும் ஜெபகுமார் கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ் தீற்றிக்கொண்டார். போதாதென்று மறு கன்னத்திலும்.

ஈவ்லின் வந்தாள். குனிந்து முகர்ந்தாள்.

"நாத்தமே இல்லைங்க. நீங்களேவா?"

"ஒரு ரிங்குதானே."

"இந்தக் கை இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?" என்று அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். கேட்காமலே காபி வந்தது. ஜெபகுமார் மிதந்தார்.

"ஏங்க, பொத்தேரி அண்ணன் வண்டியிலயும் இதே கசிவாம். உங்க கைராசியைச் சொன்னேன். கிளம்பிட்டாரு."

"மச்சானா? எப்ப வர்றாரு?"

"தாம்பரம் தாண்டிட்டாரு."

கல்யாணத்தன்றே அவருக்குக் 'கனவு மாப்பிள்ளை' என்று பெயர் வைத்த மச்சான். ஜெபகுமார் போனை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்கட்டுக்கு நழுவினார்.

சமையலறை ஜன்னலிலிருந்து ஈவ்லினின் குரல் வந்தது.

"அன்புவைக் கூப்பிடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் போனை எடுக்காதேன்னு நான்தான் சொல்லியிருக்கேன்."