இரவல் மாணவர் பதின்மர்

முதலாமாண்டுப் பொருளியல் அறிமுக வகுப்பில் ஆறு பேர் இருந்தனர். விரிவுரையாளர் குணசீலன் மீண்டும் எண்ணினார். ஆறு பேரே இருந்தனர்.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

முன்வரிசையிலிருந்த சரிதா எழுந்து நின்றாள். "புளி உலுக்கப் போய்ட்டாங்க சார். மழ வர்ற மாதிரி கீது. நனைஞ்சா கறுத்துடும்ல?"

ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் பருவத்தில் கல்லூரி மணி ஒலிக்குமேயன்றி மாணவர் வருவது அரிது. அதனைக் குணசீலன் அறிவார். பதினொரு மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது என்பதைத்தான் அவர் அன்று காலை வரை அறிந்திலர். பதினைந்து பேருக்குக் குறைந்த பாடங்களை மூடிவிடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. பாடம் போனால் அவருடைய கௌரவ விரிவுரையாளர் பணியும் போகும். பணி போனால், சந்தவாசலில் மாமனாரின் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே மீண்டும் நிற்க நேரும். அக்கடையில் அவரை 'மாப்பிள்ளை' என்று அழைத்தவர் எவருமிலர். மாமனார் உட்பட அனைவரும் 'ஏம்பா' என்றே அழைத்தனர்.

மணி பத்தே முக்கால். அவர் எதிர் வகுப்புக்கு விரைந்தார்.

அங்கே மின்னணுத் தொழில்நுட்ப அறிமுக வகுப்பு நிறைந்திருந்தது. அன்று செய்முறைத் தேர்வாதலால் புளியமரங்கள் தோற்றுப்போயிருந்தன. நிரந்தரப் பேராசிரியரான ரேணுகாதேவி மேசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஒரு பத்து பேர் குடுங்க. அரை மணி நேரத்துல அனுப்பிடறேன்."

"இன்னா சார், கடப்பாரை கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"என் பொழப்பே இதுல கீது மேடம்."

ரேணுகாதேவி பெருமூச்செறிந்தார். "என் கிளாஸையும் பாக்க வருவாங்க. பத்து பேரும் முழுசா திரும்பி வரணும்." பின்னர், ஒரு கம்பியைக்கூட ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியாத பத்துப் பேரைத் தாமே பொறுக்கி அனுப்பினார்.

ஆய்வுக்குழுவின் தலைவி ஈஸ்வரி அம்மையார் சரியாகப் பதினொரு மணிக்குப் பொருளியல் வகுப்பினுள் நுழைந்தார். பதினாறு தலைகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். குணசீலனுக்கு மூச்சு வந்தது. அம்மூச்சு நெடுநேரம் நிலைக்கவில்லை. அம்மையாரின் விரல், முன்வரிசை அறுவரையும் தாண்டி, சட்டைப்பையில் கம்பிச்சுருளோடு அமர்ந்திருந்த பூவரசனைச் சுட்டியது.

"தம்பி, ஒரு பொருளோட விலை ஏறினா என்ன ஆகும்?"

பூவரசன் குணசீலனைப் பார்த்தான். குணசீலன் கூரையைப் பார்த்தார்.

"சூடாவும் மேடம்."

"எது?"

"எல்லாமேதான் மேடம். அப்பால ஃபியூஸ் போய்டும்."

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குணசீலன் முந்திக்கொண்டார்.

"அது வந்து மேடம், பொருளாதாரத்தையும் எலக்ட்ரானிக்ஸையும் நாங்க சேத்துதான் சொல்லித் தர்றோம். விலைன்றது ஒரு தடை. தடை கூடினா ஓட்டம் கொறையும். அதாவது, வாங்கறது கொறையும்."

சொல்லி முடித்தபின், அது பொருந்தி வருவதைக் கண்டு அவரே திகைத்தார்.

"பிரமாதம் சார்," என்று அம்மையார் விரைந்து எழுதினார். "அப்ப எலக்ட்ரானிக்ஸ் வகுப்புலயும் பொருளாதாரம் வரும், இல்லையா? வாங்க, அதையும் பாத்துடலாம்."

எதிர் வகுப்பு இருபதடி தொலைவில் இருந்தது. அம்மையார் நுழையுமுன் இரவல் மாணவர் பதின்மரும் அங்குச் சேர்ந்தாக வேண்டும். குணசீலன் அம்மையாரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, முற்றத்து நெல்லிமரத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசினார். நெல்லிமரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பேசும்போதே, பொருளியல் வகுப்பின் பின்புறச் சன்னலில் பூவரசனின் கால் மறைவதைக் கண்டார். அதன்பின் மேலும் சில கால்கள் மறைந்தன. அவை பத்துப் பேருடைய கால்களைவிட அதிகமாகத் தோன்றின.

அவருடைய ஐயம் மெய்யாயிற்று. எல்லாரும் குதிப்பதைக் கண்டு, அதுவே கட்டளை என்று கருதிய பொருளியல் மாணவர் அறுவரும் உடன் குதித்திருந்தனர். மின்னணு வகுப்பின் முன்வரிசையில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி சரிதா அமர்ந்திருந்தாள்.

"இவங்க பதினாறு பேரையும் இப்பதானே அங்க பாத்தேன்?" என்றார் அம்மையார்.

ரேணுகாதேவியின் பார்வை குணசீலனைச் சுட்டது.

"ஆமாங்க மேடம்," என்றார் குணசீலன். வேறு வழியில்லை. "ரெண்டு பாடத்தையும் படிக்கறது அதே பசங்கதான்."

அம்மையார் மேசை மேலிருந்த, மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடையம் ஒன்றை எடுத்துச் சரிதாவிடம் நீட்டினார். "இது எதுக்கும்மா?"

சரிதா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெலய கட்டுக்குள்ள வெக்கறதுக்கு மேடம்."

அம்மையார் நெகிழ்ந்துபோனார். குணசீலனின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு முதல்வர் அறைக்குச் சென்றவர், தேநீர் அருந்தியபடி நெடுநேரம் எழுதினார்.

ஆய்வுக்குழுவின் ஜீப் மலைப்பாதை வளைவில் மறைந்தபின், குணசீலன் படிக்கட்டில் அமர்ந்து மனைவி நிவேதாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வேல நிலைச்சுடுச்சு. உங்கப்பாகிட்ட சொல்லிடு. கடைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

அப்போது அலுவலக உதவியாளர் சின்னதம்பி தேநீர்க் குவளைகளோடு வந்தார்.

"உள்ள இன்னா எழுதினாங்க சின்னதம்பி?"

"மலக் காலேஜுக்கு ஆள் கணக்கே கெடையாதாம் சார், ஆறு பேரு இருந்தாலும் பாடம் உண்டாம், ஆனா ரெண்டுத்தையும் ஒரே பசங்கதான் சேத்துப் படிக்கறாங்கன்னு நீங்களே சொன்னதால, அதுக்கு ஒரு வாத்தியாரு போதும்னு ரேணுகா மேடம் பேர எழுதிக்கினு போய்ட்டாங்க."