கடைசி வரியில் தொடங்கும் கோஸ்தான்

பினாங்குத் தீவில் அச்சடித்த எந்தக் காகிதமும் கோஸ்தானிடம் பொய் சொல்லிவிட்டுத் தப்பியது கிடையாது. சட்டப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, நாசி கண்டார் சோற்றுக் கடைப் பலகை, எதுவானாலும் அவள் கண்ணில் பட்டால் உண்மையைக் கக்கிவிட்டுத்தான் போகும். நாற்பத்து நான்கு வயதில் நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போனபோது, அங்கே என் எழுத்தைச் சரிபார்க்க இருந்த அவளுக்கு வயது இருபத்தொன்பது. அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயந்ததுபோல் நான் என் மாமியாரைப் பார்த்துக்கூடப் பயந்ததில்லை.

காடியை, அதாவது காரை, பின்னால் எடுப்பதற்கு எங்கள் ஊரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் சொல் ‘கோஸ்தான்’. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், எதையும் அவள் கடைசியிலிருந்துதான் படிப்பாள். செய்தித்தாளை மரண அறிவிப்பில் ஆரம்பித்துத் தலைப்புச் செய்தியில் முடிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் அச்சகத்தின் பெயர், அப்புறம் மண்டபம், அப்புறம் தேதி, எல்லாம் முடிந்த பிறகுதான் பெண்ணும் மாப்பிள்ளையும். ஒரு தடவை எங்கள் பாஸுக்கு வந்த ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அப்படிப் பார்த்துவிட்டு, “பாஸ், இந்தத் தேதி சனிக்கிழமை. இதுல ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு. பாதி ஜனம் காலி மண்டபத்துக்கு வரும் லா” என்றாள். நானூறு பத்திரிகை திரும்ப அச்சடித்தார்கள். இரண்டு குடும்பத்திலும் பெரியவர்களாகப் பதினைந்து பேர் அதை முன்பக்கமாகப் படித்து, மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வேறு வைத்திருந்தார்கள்.

துப்பறியும் கதையையும் அவள் விட்டுவைக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவாள். “அப்புறம் என்ன சுவாரசியம், தங்கச்சி?” என்று கேட்டேன்.

“கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சாத்தானே அண்ணே, அவன் எங்கெங்க பொய் சொல்றான்னு பார்க்க முடியும்?”

இப்படிப்பட்ட ஆளுக்குக் காடியை மட்டும் கோஸ்தான் எடுக்க வராது. சத்தியமாக வராது. முன்னால் போவாள், திரும்புவாள், மேம்பாலம் ஏறுவாள். பின்னால் எடுக்கச் சொன்னால் இறங்கிச் சாவியை நீட்டிவிடுவாள். ஜார்ஜ்டவுனில் நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமாகத் தேடி, அலுவலகத்துக்கு மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவாள். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் அது தெரியவந்தது. அன்றிலிருந்து அவள் அலுவலக வாசலிலேயே நிறுத்துவாள்; சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் காடியைப் பின்னால் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பகலெல்லாம் என் எழுத்தை அவள் கோஸ்தான் எடுப்பாள். சாயங்காலம் அவள் காடியை நான் கோஸ்தான் எடுப்பேன். கணக்கு சரியாகிவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் சரக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒரு நாள் என் பிரிவையே மூடினார்கள். வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, வக்கீலுக்கு உதவியாக வழக்கு தேடவும் பத்திரம் எழுதவும் படித்தேன். என் மனைவி, “கறுப்புக் கோட்டு போடுவீங்களா?” என்று ஆசையாகக் கேட்டாள். “கோட்டுப் போட்டவருக்குக் காகிதம் எடுத்துக் கொடுப்பேன்” என்றேன். “அப்போ சரி, துவைக்கிற வேலை மிச்சம்” என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதம் பரீட்சார்த்தம் என்று பாஸ் சொல்லியிருந்தார். பாஸ் ஒரு தமிழ் முஸ்லிம் வக்கீல். நெருக்கடி வந்தால் கடையில் ஒரு தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், சொல்லுவார். பெரிய நெருக்கடி வந்தால் இரண்டு சொல்லுவார்.

முதல் மாதம் ஒரு வழக்குக்கு முன்தீர்ப்பு தேடச் சொன்னார்கள். கணினியில் ஒரு மணி நேரம் துழாவினேன். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஒரு தீர்ப்பு கிடைத்தது. எங்கள் கட்சிக்காரருக்காகவே எழுதியதுபோல் நீதிபதி வரிக்கு வரி பொளந்து கட்டியிருந்தார். நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து, நல்ல வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசி, தலைகால் புரியாமல் கோஸ்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“அண்ணே, இங்க மூணு ஜட்ஜு இருக்காங்க.”

“ஆமா.”

“நீங்க மஞ்ச பூசினவரு ஒருத்தரு. மத்த ரெண்டு பேரும் அவரு சொன்னதை ஒத்துக்கலை. இது தோத்த வாதம் அண்ணே. தோத்ததை வச்சா நாம ஜெயிக்கப் போறோம்?”

அடுத்த வாரம் இன்னொன்று கொண்டுபோனேன். இதில் நீதிபதி ஒரே ஒருவர்தான் என்று முன்னாலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அவள் தீர்ப்பையே படிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினாள். அதிலும் பின்னாலிருந்துதான். “இது செத்துப் போச்சு அண்ணே. நாலு வருஷம் முன்னாடியே மேல் கோர்ட்டு குழி தோண்டிப் புதைச்சிருச்சு. நீங்க போய் எடுத்துட்டு வந்திருக்கீங்க.” சொல்லிவிட்டுக் கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். “பசியாறுங்க. எல்லாருக்கும் இப்படித்தான் ஆரம்பம்.”

எனக்கு ரோஷம் வந்தது உண்மை. பத்தொன்பது வருஷம் தரம் பார்த்தவன், என்னிடமே தரமில்லையா? வீட்டுக்கு வந்து முணுமுணுத்தேன். மனைவி, “அந்தப் பொண்ணு சொன்னது தப்பா?” என்றாள். தப்பில்லை. அதுதான் எரிச்சலே.

மூன்றாவது மாதக் கடைசியில் சாந்தி வந்தார். சுங்கை பினாங்கில் ஒரு வாடகை வீட்டில் பிள்ளைகள் காப்பகம் நடத்துபவர். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பதினேழு பேர் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, தன் ஆள் நேரில் போய்ச் சாந்தியின் கையிலேயே கொடுத்தார் என்பது அவர் பக்கம். எந்த நோட்டீஸும் வரவில்லை என்பது சாந்தி பக்கம். கொடுத்ததாகக் கோர்ட் நம்பிவிட்டால் சாந்தி உடனே வெளியேற வேண்டும். காப்பக உரிமம் அந்த முகவரிக்குத்தான். வீடு போனால் காப்பகம் போச்சு, பதினேழு தாய்மாருக்கு மறுநாள் வேலைக்குப் போக வழியில்லை.

பதில் சத்தியப் பத்திரம் எழுதும் வேலையைப் பாஸ் என்னிடம் கொடுத்தார். இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பிக்கும் வக்கீல் அலுவலகம் உலகத்திலேயே கிடையாது. பழைய ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, புது விஷயத்தை நுழைப்பதுதான் வழக்கம். நானும் ஒரு பழைய நோட்டீஸ் வழக்கைப் பிடித்து மாற்றினேன். பதினாறு பத்தி, மலாயில், பார்க்க லட்சணமாக இருந்தது. பெருமையில் முன்பக்கமாக நான்கு தடவை படித்தேன்.

தாக்கல் செய்யக் கடைசி நாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சாந்தி கையெழுத்துப் போட வந்தார். எதிர்த்தெருவில் சத்தியம் வாங்கும் ஆணையர் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். கோஸ்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினாறாம் பத்தியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படித்து, சாந்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினைந்து, பதினான்கு, பதிமூன்று. நான் மனசுக்குள் ஒவ்வொன்றுக்கும் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன். ஒன்பதில் நின்றாள்.

“அக்கா, இது சரியான்னு சொல்லுங்க. ‘நானும் என் மனைவியும் இந்த இடத்தில் இருபது வருஷமாக மீன்தலைக் கறி விற்று வருகிறோம்.’”

சாந்தி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கோஸ்தானைப் பார்த்தார்.

“எனக்கு மனைவியா? எங்க வீட்டுக்காரரு கேட்டா சந்தோஷப்படுவாரு லா. சமைக்கவாச்சும் ஆள் கிடைச்சிச்சேன்னு.”

சிரித்தது அவர் மட்டும்தான். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. கோஸ்தான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அண்ணே, இதுல சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தப் பக்கத்து லாயர் இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சிருப்பாரு. மிச்சம் பதினஞ்சும் பொய்யாப் போயிருக்கும். இவங்க வீடும் போயிருக்கும்” என்று மெதுவாகச் சொன்னாள். பாஸ் கதவருகில் வந்து நின்றிருந்தார். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு தே தாரேக். என் மூன்று மாத வேலைக்குக் கடைசி விருந்து கண்ணாடி டம்ளரில் நுரை தட்டி வருவதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போது கோஸ்தான் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

“நாம பழைய ஃபைலைப் பார்த்து எழுதுறோம். அந்தப் பக்கம் மட்டும் புதுசாவா எழுதியிருப்பாங்க? எடுங்க அண்ணே, அவங்க ஆளு பண்ணின சத்தியப் பத்திரத்தை. இந்தத் தடவை நீங்க படிங்க. கடைசியிலேருந்து.”

அதையும் நான் முன்பே நான்கு தடவை படித்தவன்தான். முன்பக்கமாகப் படித்தால் அது ஒரு கதை. ஆள் கிளம்புகிறான், போகிறான், கொடுக்கிறான், திரும்புகிறான். கதையோடு நாமும் போய்விடுவோம். இப்போது பின்னாலிருந்து ஒவ்வொரு பத்தியாக எடுத்தேன். கதை போய்விட்டது. பத்தி மட்டும் தனியாக, போலீஸ் நிலையத்தில் நிற்கிறவன் மாதிரி நின்றது. கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்தேன். கதவைத் திறந்தார். கிரில்லைத் தட்டினேன். ஆறாம் பத்தி.

திரும்பவும் படித்தேன். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“சாந்தி, உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கா?”

“லிஃப்ட்டா? ஏணிகூட இல்ல அண்ணே. தெரஸ் வீடு, வரிசை வீடு லா, தரையோட தரை.”

“இந்த ஆளு லிஃப்ட்டுல ஆறாவது மாடிக்கு வந்து உங்க கையில நோட்டீஸ் கொடுத்தேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு.”

கோஸ்தான் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

“அண்ணே, நீங்க அந்த வீட்டைப் பார்த்தீங்களா?”

“இவங்களே சொல்றாங்களே, தங்கச்சி.”

“சொல்றாங்க. நீங்க பார்த்தீங்களா? கூரையும் வீட்டு நம்பரும் ஒரே படத்துல தெரியணும். மோட்டரை எடுங்க.”

தூறலில் மோட்டார் சைக்கிளை விரட்டினேன். மழைக்கோட்டுப் போட மறந்துவிட்டேன். சுங்கை பினாங்கில் அந்த வீட்டைத் தேடிப் பிடித்து, எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரம் நின்று, கூரை, நம்பர், வானம் எல்லாம் சேர்த்துப் படம் எடுத்தேன். அதன் மேல் ஆறாவது மாடி கட்ட வேண்டுமானால் முதலில் ஐந்து மாடி கட்ட வேண்டும். உதவிக்கு இருந்த பெண் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். பதினேழு பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் கால் இன்னொன்றின் வயிற்றின் மேல். சுவரோரம் பதினேழு ஜோடிச் செருப்பு, எல்லாம் என் உள்ளங்கை அளவு. இவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையை நான் மீன்தலைக் கறிக்கு விற்கப் பார்த்தேனே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. மழையில் நனைந்திருந்ததால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

நான் திரும்பி வருவதற்குள் கோஸ்தான் ஒன்பதாம் பத்தியைச் சுத்தம் செய்து, லிஃப்ட்டுக்குப் புதுப் பத்தி எழுத இடம் விட்டிருந்தாள். “நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. நீங்களே எழுதுங்க” என்றாள். என் வாழ்க்கையில் முதன்முதலாக எந்தப் பழைய ஃபைலையும் பார்க்காமல் ஒரு பத்தி எழுதினேன். இரண்டே வரி. ‘என் வீட்டுக்கு மாடி கிடையாது. லிஃப்ட்டும் கிடையாது.’ ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது சாந்தி சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்; படத்தோடு சேர்த்து அன்றைக்கே தாக்கலும் ஆனது.

விசாரணையன்று நீதிபதி படத்தை ஒரு தடவை பார்த்தார், ஆறாம் பத்தியை ஒரு தடவை பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம், “மானா லிஃப்?” என்று மட்டும் கேட்டார். லிஃப்ட் எங்கே என்ற அந்த ஒரு கேள்விக்கு எங்கள் ஊரில் இன்றுவரை பதில் வரவில்லை. நோட்டீஸ் கொடுத்தது நிரூபணமாகவில்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அலுத்துப்போன வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசி, சாந்திக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்தார். அந்த ஒப்பந்தத்தை எழுதியது நான். அதைக் கோஸ்தான் பின்னாலிருந்து படித்தாள், நான் பின்னாலிருந்து படித்தேன், பாஸும் தே தாரேக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னாலிருந்து படித்தார். என் வேலையும் நிரந்தரமானது.

போன வருஷம் கோஸ்தான் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்துக்கு மாறிப் போனாள். “அங்க காடியை யாரு எடுத்துக் கொடுப்பா?” என்று கேட்டேன். “அங்க பார்க்கிங் பெருசு அண்ணே. நேரா நுழைஞ்சு நேரா வெளியே வந்துடலாம்” என்றாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இது அச்சாகும் பத்திரிகை எப்படியும் அவள் கைக்குப் போய்ச் சேரும். அவள் இந்தக் கட்டுரையை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவளிடம் முதலில் சொல்ல வேண்டியதை இங்கே, கடைசியில் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கச்சி கோஸ்தான், நேற்று மத்தியானம் அந்த வீட்டுப் பக்கம் போயிருந்தேன், நானே என் கண்ணால் பார்த்தேன், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.