கம்பளை போகாமலிருக்க ஒரு ரோசா

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் கம்பளைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அங்கே என் மனைவி கஜலட்சுமியின் அண்ணன் கணேஸ் ஒரு கரோக்கி பெட்டி வாங்கியிருந்தார். பகல் சாப்பாட்டோடு தொடங்கினால் தேநீர் வரும்வரை பாடுவார். கைதட்டுவது என் பொறுப்பு. கடைசித் தடவை நான் தூங்கிவிட்டதை மைக்கிலேயே எல்லாருக்கும் அறிவித்தார். எனக்கு ரோசம் வந்தது. அதனால் ஒரு ரோசா வாங்கினேன்.

வத்தேகமயில் பூச்செடி விற்கும் ஷப்ராஸிடம், என்ன செய்தாலும் சாகாத செடி கேட்டேன். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஒரு சிவப்பு ரோசாவைத் தந்தார். கண்டி மழைக்கு அழுகாதாம், பூச்சி தொடாதாம், நாம் மறந்தாலும் அது பூக்க மறக்காதாம்.

வீட்டில் வேறு கதை சொன்னேன். இது மகா மென்மையான ஜாதி. ஞாயிறுதோறும் மண் கிளறி, இலை துடைத்து, பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"அப்ப நான் மட்டும் போயிட்டு வர்றேன். நீங்க செடியப் பாத்துக்குங்க" என்றாள் கஜலட்சுமி.

இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க, வராந்தாவில் கதிரை போட்டுக் கண்ணை மூடியபடி செடியைக் கண்காணித்தேன். அது தன்பாட்டில் பூத்தது. கிளைகள் தாறுமாறாக நீண்டபோது கவாத்து வெட்டினேன். வெட்டிய தண்டுகளைக் கஜலட்சுமி ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனாள். குப்பைக்கு என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தண்டையெல்லாம் அண்ணன் வீட்டு வேலியோரமா நட்டேன். அத்தனையும் வேர் புடிச்சிருச்சு. எப்படி நடுறதுன்னு ஷப்ராஸ்கிட்டதான் கேட்டேன். மனுசன் எல்லாத்தையும் சொன்னாரு."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் முகத்தில் இருந்திருக்கும்.

"இங்க ஒரு செடி. அங்க வேலி பூரா செடி. பக்கத்துல ஆள் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணனுக்கு இந்த மென்மையான ஜாதியெல்லாம் பாக்கத் தெரியாது."

உண்மையைச் சொன்னால் பொய்யன். சொல்லாவிட்டால் தோட்டக்காரன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

கணேஸ் நல்ல மனிதர். வேலியோரம் நான் தனியாக நிற்பேனே என்று ஸ்பீக்கரை ஜன்னலுக்கு வெளியே திருப்பி வைத்திருக்கிறார். செடிகள் அதிகம் என்பதால், இப்போதெல்லாம் சனிக்கிழமையே போய்விடுகிறோம்.